இரண்டு ரூபாய்க் குற்றி

முதலில் இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்று
சுவரோரப் பட்டிக்குக் கீழே போனது.
சின்னவன் தள்ளினவன்.
உண்டியல் என்று நினைத்திருப்பான்.

அது ஆடியில்.
ஆவணியில் என் சுண்டுவிரல் போனது.
புரட்டாதியில் துவாரகி அடிமட்டத்தை நிறுத்திப் பார்த்து
"ரெண்டரைச் சென்ரிமீற்றர் அம்மா" என்றாள்,
கணக்குப் பாடத்துக்கு விடை சொல்கிற குரலில்.

சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது.
கூரை நிற்கிறது.
கதவுக்குக் கீழே மட்டும்
வர வர வெளிச்சம் கூடுகிறது.
தரை இறங்குகிறது,
பஸ்ஸில் பக்கத்துச் சீற்காரரின் தலை
நித்திரையில் இறங்குவதுபோல,
சொல்லாமல், விடாமல்.

நாவற்குழி. பெயரிலேயே குழி இருக்கு, வாங்காதையுங்கோ
என்றார் இவரின் கந்தோரில் ஒருவர்.
அப்ப ஆனைக்கோட்டையில ஆனை எங்கை என்று சிரித்தோம்.
இரண்டு பரப்பு. உவர் நிலம்.
மாரியில் கொக்கு நிற்கிற இடமென்று
கோடையில் கூட்டிவந்த தரகர் சொல்லவில்லை.

மேசன் அருளப்பு வந்து குந்தினார்.
சுத்தியல் காம்பால்
பலாப்பழம் பார்ப்பவர்போலத் தட்டினார்.
சுவரோரம் டொக்.
நடுவில் தொம்.
"உள்ளுக்கை ஒண்டும் இல்லைத் தங்கச்சி."

முறைப்பாட்டுக் கடிதம் இவரின் சட்டைப் பையில்.
இரண்டு இரவு இருந்து எழுதினது.
அருளப்பு நிமிர்ந்து பாராமலே சொன்னார்:
"பதினைஞ்சு நாள் தண்ணி விட்டு இடிக்கவேணும் எண்டு
கேட்டனான்."
கேட்டவர்தான்.
நாலு நாள் கொடுத்தோம்.
ஆனியில் குடிபூரல் ஆகாது.
வைகாசி முடிய நோர்வே மச்சாளுக்கு லீவும் முடியும்.
தரையோடு அவ தந்த காசு.
அவ பட்டுச்சேலையோடு நின்று படமெடுத்தது
சரியாக அந்தத் தொம்மின் மேல்.

பிறகு வீடியோவில் அவ வரும்போதெல்லாம்
இடுப்புக்கு மேலேதான் வீடு.
சோபாவை இழுத்து மறைத்தோம்.
சோபாவும் ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது.

மழைக்கு முன்னம் உடைத்தோம்.
பதினாறு ஓடு. அதுக்குக் கீழே மெல்லிய கொங்கிறீற்.
அதுக்குக் கீழே
ஒரு சாண் காற்று.
கடனீரேரியின் மணம் எழுந்து வந்து
வரவேற்பறையில் நின்றது.
மூலையில் ஒரு தவளை,
கதவு தட்டாமல் உள்ளே வந்தவர்களைப் பார்ப்பதுபோல்
எங்களைப் பார்த்தது.
சின்னவன் குற்றியைத் தேடினான்.
இல்லை.
அது இன்னும் கீழே போயிருக்கவேணும்.

இந்த முறை கிறவல்.
அரை அடிக்கு ஒரு படை, படைக்கு ஒரு இடி.
கிணற்றுத் தண்ணி உப்பெல்லே என்று கேட்டேன்.
"மண்ணுக்கு நாக்கில்லை" என்றார் அருளப்பு.
வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமல்,
வீட்டுக்குள்ளே நின்று
வீட்டுக்குத் தண்ணீர் விட்டேன்.
குடித்தது. குடித்தது.
அடுப்பு விறாந்தையில், படுக்கை ஒரே அறையில்,
ஆறு மணி ரயிலுக்கு அலுமாரிக் கிளாசுகள்
ஒன்றோடொன்று பல்லுக் கடிக்க,
பதினான்காம் நாள் பின்னேரம்
ஊற்றின தண்ணீர் ஊற்றின இடத்திலேயே நின்றது.
ரியூப் லைற் அதில் நேராகக் கிடந்தது.
இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கனநேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அருளப்பு சீமெந்துக் காசு மட்டும் வாங்கினார்.
கூலி எவ்வளவென்று இவர் கேட்க
மட்டக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
கடிதம் எங்கே போனதென்று
நான் இவரைக் கேட்கவில்லை.

அதே நிற ஓடு ஸ்ரான்லி வீதிக் கடைகளில் முடிந்துவிட்டது.
கிடைத்தது கொஞ்சம் மஞ்சள் கூட.
நேற்று மச்சாள் எடுத்தபோது
போனைச் சரித்துப் பிடித்தேன், வேணுமென்றே.
"அதென்ன நடுவில, கம்பளமே?"
"ஓம்" என்றேன். "குளிருக்கு."
வெளியே முப்பத்துநாலு பாகை.
இவர் குசினிக்குள் போய்ச் சிரித்தார்.

இன்னும் மாரி வரவில்லை.
செருப்பில்லாமல்தான் நடக்கிறேன்
அந்த மஞ்சளின் மேல்.