முந்நூற்று நாற்பது கிராம்

இரவு இரண்டு பத்துக்கு மிஸ்ஸி ஹாயாத்தி அழைத்தாள்.
"வந்துவிட்டது. சின்னதுதான். சீக்கிரம் வா."
குழந்தையைச் சொல்லவில்லை அவள்.
குழந்தைக்குப் பின்னால் வருவதைச் சொன்னாள்.

பகாவ் மருத்துவமனையின் பின்கட்டில்
உடைந்த சக்கர நாற்காலிகளைத் தள்ளிவைத்த அறையில்
எனக்கு ஒரு தராசு, ஒரு விளக்கு,
ஐஸ் பெட்டி, அரை மணி நேரம்.
அதற்குமேல் போனால்
சதை பேசுவதை நிறுத்திவிடுமாம்.
கோலாலம்பூரில் தூங்கிக்கொண்டிருக்கும்
என் பேராசிரியர் சொல்வது.

தட்டில் வைத்தேன். இன்னும் சூடு.
தாய்ப்பக்கம் ஈரல் நிறம், மேடும் பள்ளமும்.
பிள்ளைப்பக்கம் சாம்பல்நீலப் பளபளப்பில்
கிளைகிளையாய்ப் பிரிந்தோடும் நாளங்கள்.
மரம் என்று எழுதக் கை வரும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முந்நூற்று நாற்பது கிராம்.
எடுத்து மறுபடி வைத்தேன். முந்நூற்று நாற்பது.
கொடி நடுவில் இல்லை.
கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப் பிடித்தவன் மாதிரி
விளிம்பில் தொற்றியிருந்தது.
இரண்டு இடத்தில் வெளுத்துக் கெட்டித்து,
எப்போதோ ரத்தம் வராமல் நின்ற தழும்பு.

பிள்ளை இரண்டு கிலோ எழுநூறு.

வழக்கமாக ஒன்றுக்கு ஆறு.
இது ஒன்றுக்கு ஏறக்குறைய எட்டு.
ஆள் வராத நாளில்
பக்கத்து நிரையையும் சேர்த்துப் பிடித்தவள் போல
சத்தமில்லாமல் இழுத்துச் செய்திருக்கிறது.
எப்படி என்பதுதான் எங்கள் கேள்வி.
சர்க்கரைக்கு எத்தனை வாசல் திறந்தது,
இரும்பை எத்தனை கை மாற்றியது,
ஒரே சுவரின் இருபுறமும்
இரண்டு ரத்தம் ஒன்பது மாதம் ஓடியும்
கலக்காமல் எப்படி,
சரியாகச் சொன்னால்,
பெரும்பாலும் கலக்காமல்.

விரல்நுனி அளவு வெட்டி, குளிர்நீரில் அலசி,
குப்பியில் எண் ஒட்டினேன்: எழுபத்து மூன்று.

எழுபத்து மூன்று என்பது சந்திரமலர்.
வயது முப்பத்தொன்று. மூன்றாவது பேறு.
தொழில்: செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிப்பு.
"எத்தனை மாசம் வரைக்கும் அடிச்சீங்க?"
"அஞ்சு. வயிறு தெரிஞ்சப்புறம்தான்
மண்டோர் உதிரி பொறுக்க மாத்திவிட்டாரு."

புல்லைக் கொல்வதற்கு மருந்து என்று பெயர்.
பிள்ளையை வளர்த்ததற்கு நஞ்சு.
யார் வைத்தார்களோ.
நான் இரண்டையும் ஒரே பேனாவால் எழுதுகிறேன்.

அடுத்த கட்டில் ரோஸ்மினாவின் கணவன்
மூடி வைத்த சட்டியோடு வந்து
கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனான்.
வீட்டு வாசலில் புதைப்பானாம்.
கூடப் பிறந்ததை விட்டுவிட்டா போவது என்றான்.
அதைப் பார்த்துவிட்டுத்தான்
சந்திரமலர் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.
"என்னோடதைக் கொஞ்சம் காட்டேன்."

எழுபத்து இரண்டு பேர் கேட்கவில்லை.
கேட்டால் என்ன செய்வதென்று
ஒப்புதல் தாளில் ஒரு வரி இல்லை.
தட்டை ஏந்திக்கொண்டு போனேன்.
வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

குனிந்து பார்த்தாள்.
ஒற்றை விரலால் தொட்டாள்.
சுட்டதுபோல் எடுத்துக்கொண்டு மறுபடி தொட்டாள்.
"இவ்ளோதானா?" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இதுக்கு யாரு சோறு போட்டா?"
"நீங்கதான்."
"நானா?" சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது.
"எனக்கே மத்தியானத்துக்கு மைலோவும் ரொட்டியும்."

ஆறு மணி பஸ்ஸில் பெட்டி என் மடியில்.
"மீனா?" என்றார் டிரைவர்.
ஆமாம் என்றேன்.
கோலா பிலா சாலையில் எதிரே
தோட்டத்து லாரி போனது.
துணியால் மூக்கைக் கட்டிய பெண்கள்,
முதுகில் காலித் தோம்புகள்.
பெட்டிக்குள் ஐஸ் குலுங்கி அடங்கியது.

எதை நிறுத்தியது, எதை விட்டது,
முடிவு வர ஏழு மாதம் ஆகும்.
அவளுடைய விடுப்பு
தொண்ணூற்றெட்டு நாள்.