நாலாவது டிப்

உக்கடத்துப் பழைய சாமான் கடையில்
மிக்சி ஜாடிகளுக்கு நடுவே கிடந்தது.
அறுபத்தொன்பதாம் வருசத்து அமெரிக்க வண்டி,
இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு,
நீண்ட மூக்கு, குட்டை முதுகு,
முன்சக்கரம் ஒன்றைக் காணோம்.
நூற்றைம்பது என்றான், எண்பதுக்குத் தந்தான்.
திருப்பூர் வரும்வரை பஸ்ஸில்
மடியிலேயே வைத்திருந்தேன்,
அரை டிக்கெட் எடுக்காத பிள்ளையைப் போல.

பிரேக் ஆயிலில் இரண்டு நாள் ஊறப்போட்டேன்.
சிவப்பு உரிந்தது. அடியில் மஞ்சள்.
மஞ்சளும் உரிந்தது. அடியில் வெள்ளை பிளாஸ்டிக்,
கூரை மேல் பசையில் பதிந்த ஒரு பெருவிரல்.
எந்த ஊர்க்காரனோ,
காயும் முன்னே அவசரப்பட்டிருக்கிறான்.
எண்ணூறு நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன்.
என் வண்டியில் எதற்கு அவன் கைநாட்டு?

பகலில் சாயப்பட்டறை லேபில் வேலை.
வாங்குகிறவர்கள் அனுப்பும் இத்தனூண்டு துணிக்கு
நிறம் பிடித்துக் கொடுக்க வேண்டும்.
கடைசியாக வந்தது ஒரு பச்சை,
பச்சையென்றும் சொல்ல முடியாது,
சாம்பல் விழுந்த முருங்கைக்கீரை.
முதல் டிப்பில் மஞ்சள் கூட என்றார்கள்.
இரண்டாவது செத்துப்போன நிறமாம்.
மூன்றாவது பரவாயில்லை, ஆனால் வேண்டாம்.
நாலாவது எனக்குப் பிடித்திருந்தது.
அதற்கு அவர்கள் காரணம்கூட எழுதவில்லை.

சரி, வண்டிக்கு அதுதான்.

மூன்று பெயின்ட் டப்பா, ஒரு சிரிஞ்சு,
சொட்டுச் சொட்டாய்க் கலந்து
துணிக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து
ராத்திரி பதினொன்றரைக்கு ஒத்துவந்தது.

எஞ்சினில் எட்டு பிளக் வயர்,
கெட்ட சார்ஜர் கேபிளைப் பிரித்து எடுத்தவை.
பானெட்டை மூடினால் யாருக்கும் தெரியாது.
எனக்கே நாலு மாசத்தில் மறந்துபோகும்.
பானெட்டில் காற்றுக்கு ஒரு வாய் அறுத்தேன்.
பின்பக்கத்தைச் சித்தெ தூக்கினேன்,
பாயுமுன் பூனை குந்துமே, அப்படி.
இல்லாத சக்கரத்துக்கு ஒரு சட்டைப் பொத்தான்,
சுற்றிலும் குழாய் வாஷர்.
தரைவிரிப்புக்கு
கட்டிங் டேபிள் அடியில் பெருக்கிய பஞ்சு.
சீட்டுக்கு உறை நாலாவது டிப்பே,
மிச்சமில்லாமல் வெட்டி ஒட்டிவிட்டேன்.

கிளியர் அடித்த அன்றைக்கு
ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து,
விசிறியை நிறுத்தி, மூச்சையும் பாதி நிறுத்தி.
விடிந்து பார்த்தால்
பானெட்டின் நட்டநடுவில்
சுருண்டு படுத்திருக்கிறது ஒரு பஞ்சிழை.
இந்த ஊரில் காபி டம்ளருக்குள்ளேயே இருக்கும் அது.
வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
பிறகு விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மெயில் வந்தது.
நாலாவதே இருக்கட்டுமாம்.
நாற்பதாயிரம் பீஸ்.

"ரெசிப்பி கம்ப்யூட்டர்ல இருக்குதுங்" என்றார்
டையிங் மாஸ்டர் சென்னியப்பன்.
"ஸ்டாண்டர்டு துணி எங்கீங்க அம்மிணி?"
"ஊட்டுல இருக்குதுங்."
"ஊட்டுலயா?"

மறுநாள் சாப்பாட்டுப் பையில்
தயிர் டப்பாவுக்கு மேலே உட்கார்ந்து
வண்டி வேலைக்கு வந்தது.

லைட் பாக்ஸுக்குள் நிறுத்தினேன்.
பகல் வெளிச்சத்தில் பாடியும் சீட்டும் ஒன்று.
கடை விளக்குக்கு மாற்றியதும்
பாடி செம்மண் பூசிக்கொண்டது,
சீட்டு அசையவில்லை.
பெயின்டுக்கும் சாயத்துக்கும்
ஒரே ஒரு வெளிச்சத்தில்தான் உறவு.
"பாடியப் பாக்காதீங்க, சீட்டப் பாருங்க."
அவர் முதல் ரோலின் துண்டைக் கதவோரம் பிடித்து,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
வாங்க வந்தவரைப் போல
ஜன்னல் வழியே உள்ளே குனிந்தார்.
வெகுநேரம் குனிந்தே இருந்தார்.
"பொருந்துதுங்."

ரிஜிஸ்டர் எடுக்கப் போனேன்.
திரும்பும்போது கதவிடுக்கில் தெரிந்தது:
ஒற்றை விரலைப் பின்னால் வைத்து
அரை அங்குலம் தள்ளினார்.
மூன்று சக்கரம் உருண்டது.
பொத்தான் இழுபட்டது.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
இன்னும் அரை அங்குலம்.