கணக்கு உதைக்கிறது

சாந்தா மரியா தீவில்
எங்கள் ராக்கெட் கம்பெனியின் கணக்குப் பிரிவு என்பது
நான், ஒரு அச்சு இயந்திரம்,
மழை வந்தால் மூட மறுக்கும் ஒரு ஜன்னல்.

லிஸ்பனிலிருந்து முதலீட்டாளர்கள் வந்தால்
என் அறைக்கு அழைத்து வருவதில்லை.
ஏவுதளத்தைக் காட்டுவார்கள்.
அட்லாண்டிக்கைக் காட்டுவார்கள்,
அதையும் நாங்களே வாங்கிப் போட்டதுபோல.
திரையில் ஒரு கோடு வலப்பக்க மூலைக்கு ஏறும்.
அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது என்னவென்று
எனக்கும் பேரேட்டுக்கும் தெரியும்.

போன வருட வரவு:
செருப்புப் பெட்டி அளவு செயற்கைக்கோள்களுக்கு
இரண்டு பல்கலைக்கழகங்கள் தந்த முன்பணம்.
ஒன்று திருப்பிக் கேட்கிறது.
கடல் வெப்பம் அளக்கிறவர்கள்
இரவில் நாலு மணி நேரம் எங்கள் ஆன்டெனாவுக்குத் தரும் வாடகை.
போர்த்தோவில் ஒரு விதவை,
கணவரின் சாம்பலில் நாற்பது கிராம்
மேலே அனுப்ப, தவணை முறையில்.
மீதி, நூற்றுக்கு அறுபத்தொன்று,
காளை விந்து.

சிரிக்கலாம்.
நானும் சிரித்தேன், வேலைக்குச் சேர்ந்த வாரம்.

ராக்கெட் குடிப்பது திரவ ஆக்சிஜன்.
பூஜ்யத்துக்குக் கீழே நூற்று எண்பத்து மூன்று டிகிரி.
அந்தக் குளிரில் ரப்பர் கண்ணாடியாகும்,
எஃகு சுருங்கும், வால்வு கசியும்.
ஃபிலோமேனா ஆறு வருடம் உட்கார்ந்து
கசியாத ஒன்றைச் செய்தாள்,
கட்டைவிரல் பருமனில்.
அதை வைத்துக்கொண்டு ராக்கெட்
நாற்பத்தோரு விநாடி பறந்து
கடலில் கரைத்த பெருங்காயம் ஆனது.

அடுத்த மாதச் சம்பளத்துக்கு
வால்வைப் பையில் போட்டுக்கொண்டு
அவளே தீவு தீவாக ஏறி இறங்கினாள்.
ஆளுக்கொரு மாடு மேயும் தீவுகள்.
சினை ஊசி போடுகிறவர்களின் ஜீப்பில்
திரவ நைட்ரஜன் குடுவை.
திறந்து மூடித் திறந்து மூடி
பாதி காற்றோடு போய்விடும்.
எங்கள் வால்வு போட்டால் போகாது.
விண்வெளிச் சரக்கு என்றதும்
விலையைக் கொஞ்சம் ஏற்றவும் முடிந்தது.

பெல்மிரோ ஃபுர்த்தாடு, கால்நடை மருத்துவர், பீக்கோ தீவு.
மூன்று மாதப் பாக்கி.
இரண்டாவது நினைவூட்டலைச் சிவப்பில் அடித்தேன்.
பதில் வந்தது, ஓரத்தில் சாணிக் கறையோடு:

"அம்மணி, உங்கள் வால்வு
இருநூறு தடவை திறந்தபின்
தாயைத் தேடும் கன்றாகக் கத்துகிறது.
குளிர்ந்ததை வெயிலில் வைத்து
மறுபடி குளிரவைத்தால் மட்டும்.
கத்தல் நிற்கும்வரை காசு இல்லை."

வராக்கடன் கோப்பில் போட்டிருக்க வேண்டும்.
ஏனோ ஃபிலோமேனாவின் மேசையில் வைத்தேன்.
படித்தாள். மறுபடி படித்தாள்.
பாதிச் சாப்பாட்டில் எழுந்து
சோதனைக் கூடத்துக்கு ஓடினாள்.

கடலில் விழுந்த அந்த ராக்கெட்
ஏவுதளத்தில் ஐந்து நாள் நின்றது.
காற்று சரியில்லை என்று
நிரப்பி, வடித்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நிரப்பி.
நாற்பத்தோராவது விநாடியில்
அதுவும் கத்தியிருக்கும்.
அங்கே கேட்க யார் இருந்தார்கள்?

வால்வுக்குள் ஒரு வளையம் மாறியது, முடியளவு.
அக்டோபரில் அடுத்தது போனது.
நாற்பத்தொன்றைத் தாண்டியபோது
கட்டுப்பாட்டு அறையில் யாரும் மூச்சு விடவில்லை.
ஒன்பதாவது நிமிடம்
செருப்புப் பெட்டி ஒன்றும் சாம்பல் நாற்பது கிராமும்
போய்ச் சேர்ந்தன.
விதவையின் கடைசித் தவணை மறுநாளே வந்தது.
கூடவே ஒரு கேள்வி:
போர்த்தோவுக்கு மேலே எத்தனை மணிக்கு வருவார்?

தணிக்கையாளர் வந்தார்.
பீக்கோ மருத்துவருக்கு ஏன் முழுத் தள்ளுபடி?
ஆராய்ச்சிச் செலவா, விளம்பரமா, எந்தத் தலைப்பு?
கணக்கு உதைக்கிறதே என்றார்.
உதைக்கும் என்றேன்.
கறக்கிற மாடு.

அவர் போன பிறகு தபாலைப் பிரித்தேன்.
பீக்கோவிலிருந்து, அதே சாணிக் கறை.

"அம்மணி, புது வால்வில் சத்தமே இல்லை.
திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா
தெரிந்துகொள்வது எப்படி?"