பின்னால் வரும் வான்

விடியப்புறம் நாலரைக்குப் புளியம்பொக்கணைச் சந்தியில்
நூற்றிப்பன்னிரண்டு பேர் நின்றோம்.
என் நெஞ்சில் எண்பத்தேழு. நாலு ஊக்கு,
அதில் ஒன்று கறள்.
வலது குதிக்காலில் மூன்று சுற்றுப் பிளாஸ்டர்,
அதற்கு மேல் மகனின் கால்பந்துச் சாக்ஸ்.
"ஓடினால் பிறகு நடக்கவும் ஏலாது" என்று
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் சொன்னதை
மடித்துச் சப்பாத்துக்குள் வைத்து
இறுக்கிக் கட்டினேன்.

தருமபுரம் வரை நான் ஓடவில்லை,
ரோட்டுத்தான் ஓடியது.
பால் சங்கத்து வாசலில் தவநிதி
கான்களை இறக்கிக்கொண்டு நின்றாள்.
என்னைக் கண்டதும் மூடி ஒன்றை எடுத்து
மதிலில் படார் படார் என்று அடித்தாள்.
அந்தக் கான்களில் ஒன்றுதான்
வைகாசியில் என் காலில் விழுந்தது.
நாற்பது லீற்றர்.
பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

உடையார்கட்டில் நோ வந்தது.
கடன் கேட்க வந்தவனைப் போல
முதலில் படலையில் நின்று செருமியது.
பிறகு உள்ளே வந்து
கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டது.

சுதந்திரபுரத்தில் தண்ணீர் மேசை.
கோப்பையை நீட்டிய பொடியன்
என் நொண்டலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்:
"ஷெல் பீஸோ, அன்ரி?"
"இல்லையடா. பால் கான்."
அவன் சிரித்தான். நானும் சிரிக்க
விலாவில் பிடித்துக்கொண்டது.
இந்த ரோட்டில் ஒரு கால்
வேறு காரணத்துக்காகவும் நொண்டலாம்.
எனக்கே அது புதினமாக இருந்தது.

இதே ரோட்டை முன்பொருக்கா
நாலு மாதம் எடுத்துக் கடந்தேன்.
அப்போது ஒருவரும் தண்ணீர் மேசை போடவில்லை.
இன்று ஆறரை மணித்தியாலம் தந்திருக்கிறார்கள்.
அதைப் பற்றி இவ்வளவுதான்.

புதுக்குடியிருப்புக்குப் பிறகு முன்னால் ஆளில்லை.
பின்னால் ஒரு வான்,
விட்டுவிட்டவர்களை ஏற்றிக்கொண்டு வருவது.
நிறம் நீலம், நல்ல காலம்.
"ஏறுங்கோவன் அக்கா, ஏசி போட்டிருக்கு"
என்றான் சாரதி பரணீதரன்.
பத்து நிமிடத்துக்கு ஒருக்கா அதே ஏறுங்கோவன்.
உள்ளே ஏழு பேர்.
ஒருவர் வத்தகப்பழம் தின்றுகொண்டிருந்தார்.
அந்தச் சிவப்பை ஒரு முழுக் கிலோமீற்றர்
வெறுத்துக்கொண்டே ஓடினேன்.

முப்பத்தைந்தாவதில் எண்ணிக்கை குழம்பியது.
மதகு, எருமை, கம்பிவேலி,
மதகு, கம்பிவேலி, எருமை.
காதுக்குப் பின்னால் உப்புத் தடித்திருந்தது.
இப்படியான நேரத்தில்
செத்தவர்களை நினைப்பார்கள் என்று கேள்வி.
நான் என் பெருவிரல் நகத்தைத்தான் நினைத்தேன்.
அது கழன்றுவிட்டதா, இல்லையா?

வட்டுவாகல் பாலம் ஒடுங்கல்.
வானுக்கு என்னை முந்த இடமில்லை.
எதிர்க்கரையில் மீன் லொறி ஒன்றும்
என்ஜினை நிற்பாட்டிவிட்டு நின்றது.
இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நான்,
முழுப் பாலமும் எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஓடினேன் என்று எழுத மாட்டேன். நடந்தேன்.
லொறிக்காரன் ஹோன் அடிக்கவில்லை.

முல்லைத்தீவில் வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு தூண் நின்றது,
மற்றது காற்றுப் போய் மணலில் கிடந்தது.
நிற்கிற தூணைத் தொட்டேன்.
மேசையில் இருந்த பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தாள்:
ஆறு மணி ஐம்பத்தொரு நிமிடம்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
ஒட்டி முடித்த பெட்டியின் டேப்பைப்
பல்லால் கடித்துக் கிழித்து
உள்ளே கை விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீற்.
சப்பாத்தைக் கழற்றிய நினைவிருக்கிறது.
முள்ளிவாய்க்கால் தாண்டியது தெரியாது,
விசுவமடு தெரியாது,
என் தருமபுரமும் தெரியாது.
கண்டக்டர் தோளில் தட்டினார்.
"பரந்தன். கடைசி இறக்கம்."

இறங்கி, ரோட்டின் மற்றப் பக்கம் போய்
வந்த வழியே போகும் பஸ்ஸுக்காக நின்றேன்,
ஒற்றைக் காலில்,
கையில் ஒரு சப்பாத்து.