மூன்றாவது பதில்

ராஹே துறைமுகத்தில் இன்று மைனஸ் இருபத்தேழு.
தூரே பனியுடைக்கும் கப்பலில் இருக்கிறான்,
விடிகாலை ஆறுக்குத்தான் வருவான்.
நான் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையோடு
வெள்ளத்தில் மூழ்கிய ஒரு சத்திரத்தின்
நிலவறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

வேலை சின்னது.
கல்மூக்கு நூலகத்து அறிஞர் ஓர்வெக்
மனிதர் வீட்டுப் பழம்பொருள் ஒன்று கேட்டிருக்கிறார்.
கூலி நாற்பது காசு.
ஒரு மருந்துப் புட்டிகூட வாங்க முடியாது அதில்.
இருந்தும் போனேன்.
மூன்று எலிகள், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு.
ஒன்று என் இடது கையைத் தின்றது.
படிக்கட்டு ஏறுவதற்குள் கை முளைத்துவிட்டது.

சுவரில் ஓர் ஆணி, ஆணியில் அது:
நீளமான மரக்காம்பு,
நுனியில் மூடி போட்ட பித்தளைத் தட்டு,
மூடியில் பூப்போலத் துளைகள்.
உள்ளே கங்கு போட்டு
படுக்கப் போகுமுன் விரிப்புக்கு அடியில்
இப்படியும் அப்படியும் இழுப்பார்கள்.
எனக்குத் தெரியும்.
தூரேயின் சித்தி இதே போன்ற ஒன்றில்
முள் பொருத்திக் கடிகாரமாக்கி வைத்திருக்கிறாள்.

ஓர்வெக்குக்குத் தெரியாது.
உடம்பெல்லாம் கல். குளிராது. உறங்கவும் மாட்டார்.
மூக்குக்கண்ணாடி மட்டும் எதற்கோ போட்டிருக்கிறார்.
தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
“இது எதற்கு?” என்றார்.

திரையில் விரிந்தன பதில்கள்.
போர்க்கருவி.
கோயில் மணி.
அரசர் தலைக்கு மழைக்காப்பு.

நான்காவதைத் தேடிக் கீழே உருட்டினேன்.
உருட்ட எதுவும் இல்லை.
கல் விரலிடுக்கில் இறகுப் பேனா
நூறு வருடம் காத்திருக்கத் தயாராக இருந்தது.

மூன்றை அழுத்தினேன்.
“ஆஹா” என்று எழுதிக்கொண்டார். “துளைகள்?”
இம்முறை ஒரே பதில்தான் வந்தது:
“அரசர் வானம் பார்க்க.”

அடுத்த ஊர்ப் பாலத்தடியில் மீன் விற்பவள்
கேட்காமலே சொல்கிறாள்:
“அந்தக் கால ராஜாக்கள் பித்தளைத் தொப்பி போடுவார்களாம்,
ஓட்டை வழியாக நட்சத்திரம் எண்ணுவார்களாம்.”
காவல்காரன் சொல்கிறான்.
கழுமரத்தடியில் நிற்கும் பிச்சைக்காரன் சொல்கிறான்.
ஒரு பையன் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு
தெருவெல்லாம் ஓடுகிறான்.

பழைய சேமிப்புக்குத் திரும்பலாம்.
விரல் அதுவரை போய் நின்றது.
அங்கேயும் இதே மூன்றுதானே.

ஐந்தே முக்கால்.
கட்டில் பனிப்பாளம்.
தூரேயின் பக்கத்தில் போய்ப் படுத்தேன்,
கால் மணி நேரம், முழங்காலை மடக்கி,
கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே நகர்ந்து.
லிஃப்ட் சத்தம் கேட்டதும்
என் பக்கத்துக்கு உருண்டேன்.
பல் கிட்டிப்போனது.

டீசல் வாடையோடு உள்ளே நுழைந்தவன்
சற்று நேரம் அசையாமல் கிடந்தான்.
“இந்தப் பக்கம் மட்டும் எப்படி?” என்றான்.

எனக்கு மூன்று பதில்கள் தோன்றின.
மூன்றும் தப்பு.
குறட்டை விட்டேன்.