பத்து, மறுபடியும் பத்து

விளக்கு ஏழு மணிக்கு எரியும்.
அதற்கு முன்பே மூடியின் மேல் ஏறிப் படுத்து
சூட்டுக்குக் காத்திருக்கும் எங்கள் பூனை.
பெயர் உருளை. நிறமும் அப்படித்தான்,
மண் போகக் கழுவாத உருளை.

தொட்டி இரண்டடி.
வடிகட்டி கிடையாது, குமிழி விடும் மோட்டார் கிடையாது.
"எல்லாம் இயற்கையா இருக்கட்டும்" என்றான் ஹாலன்.
இயற்கைக்காக நாங்கள் அலைந்த அலைச்சல்
கொஞ்சநஞ்சமில்லை.

மருந்து படாத மண் வேண்டும்.
கோத்தகிரியில் எங்கே போவேன்?
கேரட் காட்டில் கேரட்டைவிட மருந்து அதிகம்.
தேயிலைத் தூரில் யூரியா
வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது.
கடைசியில் எபனேசர்தான்
கல்லறைத் தோட்டத்துப் பின்சுவர் ஓரம்
ஒரு வாளி அள்ளிக் கொடுத்தார்.
"இங்க யாரும் உரம் போடறதில்லை"
என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி யோசித்து,
வாயை மூடிக்கொண்டார்.

பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் வேர்,
விரல் மடங்கிய கை மாதிரி ஒன்று,
ஃபாக்டரி வாசலில் கிடந்தது.
கல்யாண அண்டாவில் மூன்று நாள் வேகவைத்தேன்.
அத்தனை வருஷம் பறித்தும் தீராமல்
அதிலிருந்து இறங்கியது
டிக்காஷன்.

மீன்கள் கோவையிலிருந்து. பதினொன்று.
விரல்கணு நீளம், வாலில் சிவப்பு.
"குளிர் தாங்கும்க்கா." உத்தரவாதம் அவ்வளவே.
குஞ்சப்பனை தாண்டியதும்
மடியிலிருந்த பை உப்பத் தொடங்கியது.
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
என் காது அடைக்க, பை விறைக்க,
கண்டக்டர் எட்டிப் பார்த்து
"வெடிச்சிராதே?" என்றார்.

ஐப்பசியில் மரம் விழுந்து
மூன்று நாள் கரண்ட் இல்லை.
தொட்டியைக் கம்பளியால் சுற்றினோம்.
காற்றுக்காக மூடியை ஒரு பக்கம் தள்ளி வைத்தோம்.
காட்டெருமை வாசலுக்கு வந்தால்
கட்டிலுக்கடியில் போகிற எங்கள் நாய், மேனேஜர்,
அதன் காலடியில் காவல் படுத்தது.
பதினான்கு டிகிரி.
மீன்கள் அடியில் போய்க்
கல்லோடு கல்லாய் நின்றன.
சுடுதண்ணி கலக்கட்டுமா என்று நாலு தடவை கேட்டேன்.
"கையைக் கம்பளிக்குள்ள வை" என்றான் ஹாலன்
நாலு தடவையும்.

நாலாம் நாள் விளக்கு வந்தது. எண்ணினேன்.
பத்து.
மறுபடியும் பத்து.
பூனையைப் பார்த்தேன். பூனை சுவரைப் பார்த்தது.
அது போதாதா எனக்கு?
பாதத்தை மோந்தேன். வாயைப் பிளந்து பார்த்தேன்.
அந்த அறைக்குக் கதவடைத்தேன்.
ஒரு வாரம், இரவெல்லாம்,
பலகையில் நகம் எழுதியது எழுதியதுதான்.
"சாட்சி இல்லாம தண்டனையா?" என்றான்.
மூடியைத் தள்ளி வைத்தது யார் என்று
நான் அவனிடம் கேட்கவில்லை,
வைத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாசி கத்தரிக்கையில்
வேரின் உள்ளங்கையை விலக்கினேன்.
ஏழெட்டு நத்தைகள்
பந்தியில் உட்கார்ந்த மாதிரி வட்டமாய்.
நடுவே சீப்புப் பல்போல ஒரு முள்.
தலை ஏற்கெனவே முடிந்திருந்தது.
தண்ணீர் கலங்கவில்லை, நாறவில்லை;
ஒரு வாரமாய் அதைக் குனிந்து பார்த்து
என்ன தெளிவு என்று
நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

முள்ளை எடுக்க நீட்டிய கிடுக்கியை
வெறுமனே வெளியே எடுத்துத் துடைத்தேன்.

கதவைத் திறந்தேன்.
உருளை உள்ளே வரவில்லை.
நிலைப்படியில் உட்கார்ந்து
அவசரமே இல்லாமல் முதுகை நக்கியது.
சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டில்
நாலு தலையும் ஒரு முழுசும்
தட்டில் வைத்து நகர்த்தினேன்,
மீன் தின்னவில்லை என்று தீர்ப்பானவருக்கு
மீன்.

மன்னிப்பதா வேண்டாமா என்று
அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே
முழுசை
மேனேஜர் தூக்கிக்கொண்டு போய்விட்டது.