வலைத் தையல்

பாகான் செராய்க்கு வெளியே, செம்பனை ஆலைக் கேன்டீனில்
லீக் கூட்டம். சுற்றுவது ஒரே மின்விசிறி.
ஏழு கிளப், ஏழு பொருளாளர்கள்,
ரப்பர் பேண்ட் முடிந்த பைகளில் தே ஓ.
தீர்மானம் சின்னதுதான்:
ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சீசனில்
எட்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல்
எந்தக் கிளப்பும் செலவழிக்கக்கூடாது.

எல்லாக் கையும் உயர்ந்தது.
முதலில் உயர்ந்தது வீரசிங்கத்தின் மைத்துனர் கை.
அதில் கட்டியிருந்த கடிகாரமே
எட்டாயிரத்தைத் தாண்டும்.

பகலில் நான்
வீரசிங்கம் லோரிக் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள்.
இருட்டினால் நாலாம் டிவிஷன் கிளப்பின் பொருளாளர்.
பேனா ஒன்றுதான்.

கம்பெனிப் பட்டியலில் பதினேழாவது ஓட்டுநர் ஹரிந்திரன்.
மார்ச்சில் கிள்ளானிலிருந்து வந்தான்.
மூவாயிரத்து இருநூறு, படி தனி.
இபிஎஃப் கட்டுகிறேன், சொக்சோ கட்டுகிறேன்,
லோரி எண் என்ற கட்டம் மட்டும்
மாதாமாதம் காலி.
மோட்டார் லைசென்ஸ்கூட இல்லாதவன்
சனிக்கிழமைதோறும் இடது காலால்
எங்கள் வலைக்குள்
சரக்கு இறக்கிவிட்டுப் போகிறான்.

எங்கள் வரவு:
திருவிழாவில் தண்ணீர் விற்றது நானூற்றுப் பத்து.
பழைய இரும்பு தொண்ணூறு.
சந்தா, பாதிப் பேர் பாக்கி.
செலவு:
பந்து இரண்டு, ஒன்று முட்டை வடிவுக்கு வந்துவிட்டது.
கோடு போடச் சுண்ணாம்பு.
புது ஜெர்சி கேட்டுப் பையன்கள் சண்டை போட்டார்கள்.
வேண்டாம், ஆம்புலன்ஸ் நிற்கட்டும் என்றேன்,
ஆட்டத்துக்கு நூற்றைம்பது.
மூன்று வாரம் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வருஷம் கவியரசன்
கணுக்கால் பின்பக்கம் பார்க்கத் திடலில் கிடந்தபோது
ஓடிவந்தது வீரசிங்கத்தின் லோரி.
பலகை போட்டுப் படுக்கவைத்து
பெரியாஸ்பத்திரிவரை கொண்டுபோனார்கள்.
காசு வாங்கவில்லை.
அதை எழுத என் நோட்டில்
எந்தப் பத்தி?

"கணக்கில் யாருக்காவது சந்தேகம்?"
தலைவர் கேட்கிறார், எழுந்துகொண்டே.

பதினேழு என்ற எண் நாக்கு நுனியில்.
நோட்டைத் திருப்புகிறேன்.
வலைத் தையல், நூற்றெண்பது.
வலைத் தையல், நூற்றெண்பது.
ஐந்து மாதமும் அதே வரி, என் கையெழுத்தில்.
எங்கள் வலையில் இன்னும்
நாய் நுழையும் ஓட்டை இருக்கிறது.
தைத்தது வலையை அல்ல;
கோல்கீப்பர் ரொபியுல் ஊர் மாறாமலிருக்க
அவன் அறைக்குக் கட்டிய வாடகை.

எழுந்து நின்று
அதைத்தான் முதலில் சொன்னேன்.
"தொள்ளாயிரம் ரிங்கிட். பொய்யாக எழுதியிருக்கிறேன்.
ஆட்டக்காரர் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்."
பிறகு உட்காரவில்லை.
ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.
ஒருவர் பையின் அடியில் மிஞ்சியதை உறிஞ்சினார்.
மைத்துனர் மணி பார்த்தார்.

திங்கட்கிழமை, அலுவலகம்.
பதினேழாவது கட்டத்தில் யாரோ
நீல மையில் எண் எழுதியிருந்தார்கள்:
நாலு நாலு ஏழு ஒன்று.
தெரிந்த லோரிதான்,
கவியரசனை ஏற்றிப் போனது.
ஜனவரியிலேயே அதை உடைத்து
எடைக்குப் போட்டாயிற்று.
ரசீது எழுதியது நான்.